ஆட்டுக்கடாவின் இரண்டாவது கொம்பு

சூசை, உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. உறையைப் பார்த்ததுமே நீ எழுதியது என்று தெரிந்துவிட்டது. உன் எழுத்தெல்லாம் கள்ளுக்கடையிலிருந்து திரும்புகிறவன் மாதிரி இடது பக்கமாகச் சாய்ந்தே நடக்கும். ஏன் சாய்கிறது என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். சுகம் விசாரிப்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். எனக்குப் பல் ஒன்று ஆடுகிறது; நாக்கு ஆடாமல் இருந்ததே இல்லை. உன் அப்பா என்ஜின் கொட்டகையிலிருந்து கரியாக வருகிறார், குளித்த பிறகும் கரியாகவே இருக்கிறார். இங்கே வேறு மாற்றம் இல்லை. மதலேன் இல்லாததுதான் மாற்றம்.

மொத்தம் ஆறு வரி எழுதியிருக்கிறாய். விபூதிப் புதன் முடிந்த வாரம் வந்து, நாலு நாள் வைத்திருந்து அனுப்புகிறேன் என்று எட்டு வயதுத் தங்கையைக் கையைப் பிடித்து ரயிலேற்றிக்கொண்டு போனாய். இப்போது, "மதலேன் இனிக் கிள்ளானில் எங்களோடுதான் இருப்பாள். பாஸ்காத் திருநாளுக்கும் அனுப்பமாட்டேன். குளிப்பாட்டும்போது லூர்து அவள் காலில் இருக்கிற தழும்பை எண்ணிப் பார்த்தாள். பதினொன்று" என்கிறாய். உன் பெண்டாட்டிக்கு எண்ணத் தெரிகிறது, சந்தோஷம். நான் எண்ணினதில்லை. கடைசியில் ஒரு வரி, போனால் போகிறது என்று போட்டிருக்கிறாய்: மதலேன் தேங்காய் மட்டையில் பாஸ்காக் கோழி செய்கிறாள், வால்தான் நிற்கமாட்டேன் என்கிறது. ஆறு வரியில் அந்த ஒரு வரியைத்தான் நான் அதிகத் தடவை படித்தேன்.

படித்ததும் அழுதேன் என்று நினைக்காதே. விறகுக் கட்டையைத் தூக்கினேன். வீட்டில் அடிக்க ஆள் இல்லை. அடுத்த வீட்டு அஞ்சலையின் வெடக்கோழி சொந்த வீடு மாதிரி நம் வாசலைக் கிளறிக்கொண்டிருந்தது. எறிந்தேன். என் குறி தப்பாது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கால் ஒடிந்து, ஒற்றைக் காலில் சுற்றிச் சுற்றி வந்தது. அஞ்சலை வந்து பார்த்தாள். அவளும் நானும் குழாயடியில் தலைமுடியைப் பிடித்து உருண்டது உனக்கு நினைவிருக்கும். அன்றைக்குத் திட்டியதில் பத்தில் ஒன்றுகூட இந்தத் தடவை திட்டவில்லை. "பிள்ளைய எடுத்துக்கிட்டுப் போயிட்டான், இப்ப கோழியா அக்கா?" என்றாள். அவ்வளவுதான். கழுத்தைத் திருகிக் கொண்டுபோய்க் குழம்பு வைத்து, நமக்குத் தபசு காலம், கறி ஆகாது என்று தெரிந்தே, வாசலில் உட்கார்ந்து எலும்பைக் கடித்துக் கடித்துத் தின்றாள். கறி அவளுக்கு, வாசனை எனக்கு. அவள் கேட்டது மட்டும் இன்னும் என் காதில் கிடக்கிறது.

நாலு நாளாக எழுதுகிறேன். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. சின்ன வயதில் மேரு பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் கோயில் உபதேசியார் எனக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தபோது ஒரு எழுத்துக்கு ஒரு குட்டு. எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்டை வழியாக உள்ளே போனதுதான். அந்தத் தோட்டக் குடியிருப்பில், லயத்தில், யார் யாரை அடிப்பது என்பதற்கு ஒரு வரிசை உண்டு. கங்காணி என் அப்பாவை அடித்தார். என் அப்பா என் அம்மாவை அடித்தார். அம்மா என்னை. நான் ஆட்டுக்குட்டியை. ஆட்டுக்குட்டி யாரையும் அடிக்கவில்லை, அதனால் பாஸ்காவுக்கு அதை அறுத்துத் தின்றோம். இதைச் சிரிப்பதற்காகத்தான் சொல்கிறேன். முழுக்கச் சிரிப்பதற்காக இல்லை.

பதினாறு வயதில் உன் அப்பாவைக் கட்டிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லயத்துக்கு வந்தேன். கை ஓங்காத ஆம்பிளையை நான் அதுவரைக்கும் பார்த்ததில்லை; ஏதோ வியாதி என்று நினைத்தேன். நீ நடக்க ஆரம்பித்த வருஷம் தபசு காலத்தில் அவர்தான் அந்த விளையாட்டைத் தொடங்கினார். "நாப்பது நாளைக்கு ஆட்டைத் திங்கத்தான் கூடாது. செய்யக்கூடாதுன்னு சாமியார் சொல்லலையே" என்றார். என் அண்ணன் மேருவிலிருந்து வரும்போது கோணிப்பையில் ரப்பர் கொட்டை கொண்டுவருவான். அதைப் பழுக்கக் காய்ச்சிய ஆணியால் துளைத்து ஈர்க்கில் கோத்தால் ஆமைக்குக் கால். பாக்கு மட்டையை ஈரமாக இருக்கும்போதே நறுக்கினால் யானைக் காது; காயவிட்டு நறுக்கினால் பிளந்துபோய் ஆந்தைக் காதுகூட ஆகாது. சிரட்டை மேல் பலாப்பாலைத் தடவி இலவம்பஞ்சை ஒட்டினால் கோழிக்குஞ்சு. ஆணியில் விரலைச் சுட்டுக்கொள்ளாத பிள்ளை நம் லயத்தில் இருந்ததில்லை. யார் என்ன செய்கிறார்கள் என்று பாஸ்கா வரை மூச்சு விடக்கூடாது. கோணியைப் போட்டு மூடிவைக்க வேண்டும். பாஸ்கா அன்று காலைப் பூசை முடிந்து வந்ததும் பிள்ளைகள் மிருகத்தைக் கையில் ஏந்தி லயத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடப்பார்கள். ஒவ்வொரு வாசலிலும் மிருகத்துக்கு ஒரு கேலி, பிள்ளைக்கு ஓர் அவித்த முட்டை. அஞ்சலை மாதிரி இந்து வீட்டுக்காரர்களும் முட்டை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள்.

கேலிக்கு நான்தான் பெரிய கைக்காரி. என் வாசலுக்கு வராமல் ஊர்வலம் முடியாது. உன் முதல் யானையைப் பார்த்து, "இது காது வீங்கின பன்னி" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நீ அழுதாய். அழுததற்கு ஓர் அறை. இதுதான் என் முறை, நீ மறந்திருக்கமாட்டாய்: முதலில் சிரிக்க வைப்பேன், சிரிக்காவிட்டால் அடிப்பேன்.

உனக்கு ஒன்பது வயது ஆனபோது நம் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு ரோத்தான் தொங்கியது. இரண்டு முழம் நீளம், சுண்டுவிரல் கனம், நல்ல காட்டுப் பிரம்பு. அதற்கு நான் பேர் வைத்திருந்தேன். உனக்குப் பிறகு பிறந்த மூன்று பிள்ளைகளும் தங்கவில்லை, மதலேன் பிறக்க இன்னும் காலம் இருந்தது. அதனால் அந்தப் பிரம்புக்கு "தம்பி" என்று பேர். "சூசை, தம்பிய கூப்பிடட்டுமா?" என்றால் நீ எங்கே இருந்தாலும் ஓடி வருவாய். லயமே அதைச் சொல்லிச் சிரிக்கும். அக்கம்பக்கத்தில் பிள்ளை சாப்பிடவில்லை என்றால்கூட, "சூசையோட தம்பிய வாங்கிட்டு வரவா?" என்பார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை. இப்போது எழுதிப் பார்க்கும்போது கை கூசுகிறது. மூன்று குழி வெட்டின வீட்டில் ஒருத்தி இப்படியா பேர் வைப்பாள்?

அந்த வருஷம் தபசு காலம் மூன்றாம் வாரத்தில் ரோத்தான் காணாமல் போனது. உன்னைக் கேட்டேன். "தெரியாதும்மா" என்றாய். தென்னை மட்டையின் அடிப்பக்கத்தை எடுத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். "தெரியாதும்மா." முதுகில் கேட்டேன், காலில் கேட்டேன். மட்டை இரண்டாகப் பிளந்தது, நீ அதே பதிலைத்தான் சொன்னாய். உன் அப்பா நடுவில் வந்து என் கையைப் பிடித்தார். அவர் மணிக்கட்டைக் கடித்தேன். அந்தப் பல் தடம் அவரிடம் இன்னும் இருக்கிறது. கேட்டால், என்ஜின் கடித்தது என்று சொல்வார். பிறகு மூன்று வாரம் கையாலேயே சமாளித்தேன். நீ அந்த மூன்று வாரமும் பின்கட்டில் கோணிக்கு அடியில் ஏதோ செய்துகொண்டே இருந்தாய். முதுகில் தோல் உரிந்திருந்தவன் இவ்வளவு சந்தோஷமாக எதைச் செய்கிறான் என்று எனக்கு ஆச்சரியம்.

பாஸ்கா அன்று கோணியை எடுத்தாய். ஆட்டுக்கடா. மட்டை உரிக்காத முழுத் தேங்காய் உடம்பு, அதன் மேல் பூராவும் இலவம்பஞ்சு, ரப்பர் கொட்டைக் கண், மூங்கில் கால். தலையில் இரண்டு கொம்பு, அசல் கடாக் கொம்பு மாதிரி காதைச் சுற்றி வந்து நுனியில் வெளியே திரும்பியது. அதுவரைக்கும் அந்த லயத்தில் அப்படி ஒரு மிருகம் நடந்ததில்லை. வாசலுக்கு வாசல் இரண்டு முட்டை கொடுத்தார்கள். நானும் வாயைத் திறந்துகொண்டு பார்த்தேன், கேலியே வரவில்லை. அப்போது அஞ்சலை குனிந்து கொம்பைத் தொட்டுப் பார்த்தாள். ஆணி மாட்டுவதற்கு நான் போட்ட ஓட்டை நுனியில் அப்படியே இருந்தது. "ஐயோ அக்கா! இங்க வந்து பாருங்க லா! சூசையோட தம்பிக்குக் கொம்பு முளைச்சிருச்சு! இனிமே உங்களத்தான் முட்டும்!"

லயம் மொத்தமும் சிரித்தது. நான் கேலி செய்த ஒவ்வொரு பெண்ணும், நான் மண்டையில் தட்டிய ஒவ்வொரு பிள்ளையும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். உன் அப்பாவும் சிரித்தார். நீயும் என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன் சிரிப்பில் கேலி இல்லை, சூசை. அதை நான் பிறகு ஆயிரம் தடவை நினைத்துப் பார்த்துவிட்டேன். அம்மாவும் இப்போது சிரிப்பாள் என்று காத்திருந்த சிரிப்பு அது. ஊரையெல்லாம் சிரிக்க வைக்கிறவளுக்குத் தன்னைப் பார்த்து ஊர் சிரித்தால் தாங்காது என்று ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

ஒரு கொம்பைப் பிய்த்தேன். அதனாலேயே அடித்தேன். முகத்தில் முதல் அடி, காதில் இரண்டாவது. நீ உன் முகத்தை மறைக்கவில்லை. ஆட்டின் மேல் கையை வைத்து மூடினாய். கொம்பின் வளைவு உன் வலது கை நடுவிரலில் கொக்கி மாதிரி மாட்டியது. மாட்டியது எனக்குத் தெரிந்தது. தெரிந்துதான் இழுத்தேன். ஈர்க்கு ஒடிகிற மாதிரி ஒரு சத்தம். சிரிப்பு நின்றுவிட்டது. நீ கத்தவில்லை. "ஆட்டை அடிக்காதீங்கம்மா" என்றாய். உன் புதுச்சட்டையில் மூக்கு ரத்தம், காலடியில் நசுங்கின முட்டைகள். கொம்பை அடுப்பில் போட்டுவிட்டு வந்தேன்.

சீன வைத்தியரிடம் கூட்டிப் போகும் வழியில் உனக்கு ஒரு பாடம் சொல்லிக் கொடுத்தேன், நினைவிருக்கிறதா? "தண்டவாளத்துல விழுந்துட்டேன்னு சொல்லு." அவர் விரலைப் பிடித்து இழுத்தபோது நீ பல்லைக் கடித்துக்கொண்டு அதையே சொன்னாய், அவர் கேட்காமலேயே இரண்டு தடவை சொன்னாய். விரல் கோணலாகவே கூடியது. பேனா அந்தக் கோணலில்தான் சாய்கிறது. பாவசங்கீர்த்தனத்துக்கு வருஷா வருஷம் போகிறேன். பொய், பொறாமை, குழாயடிச் சண்டை எல்லாம் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சாமியாரும், பிள்ளையை அடித்தாயா என்று ஒருநாளும் கேட்டதில்லை.

நீ அறியாதது ஒன்று இருக்கிறது. மறுநாள் திங்கட்கிழமை, உன் விரலில் கட்டு ஈரம்கூடக் காயவில்லை, நான் பாசாருக்குப் போய்ப் புது ரோத்தான் வாங்கி வந்தேன். கடையில் நின்று நாலைந்தை எடுத்துக் காற்றில் வீசிப் பார்த்து, நல்லதாகப் பொறுக்கினேன். மதலேனின் காலில் இருக்கிற பதினொன்றும் அதன் வேலைதான். மாவு டின்னைக் கவிழ்த்ததற்கு நாலு. கேட்டதற்குப் பதில் சொல்லாததற்கு இரண்டு. மிச்சம் எதற்கு என்று எனக்கே நினைவில்லை.

கோபம் வந்தால் என் கை என் பேச்சைக் கேட்காது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய். மேட்டில் இருந்த துரை பங்களாவில் ஆயாவாக இருந்த மூன்று வருஷம், பாஸ்கா வந்தால் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைக்கும் சிரட்டைக் கோழிக்குஞ்சு செய்து கொடுப்பேன். ஒருநாள் பஞ்சு ஒட்டவில்லை என்று அது என் கட்டை விரலைப் பிடித்து எலும்பு வரை கடித்தது. ரத்தம் சொட்டச் சொட்டச் சிரித்துக்கொண்டே, "சின்னதுரைக்குப் பசி போல" என்றேன். என் கைக்கு நிற்கத் தெரியும், சூசை. எங்கே நிற்க வேண்டும் என்றும் நன்றாகத் தெரியும்.

இதை உனக்குப் புத்தியாகச் சொல்கிறேன், வேறு யாரும் உனக்குச் சொல்லமாட்டார்கள். முதல் அடியில் கோபம் இருக்கும். இரண்டாவது அடியில் பயம் இருக்கும், ஐயோ அடித்துவிட்டோமே என்று. மூன்றாவதிலிருந்து ருசி வந்துவிடும். அந்த ருசி வந்தபிறகு பிள்ளை செய்த தப்பு உன் ஞாபகத்திலேயே இருக்காது. நீ என் வயிற்றில் பிறந்தவன். மதலேன் அங்கே உன் பக்கத்தில் உட்கார்ந்து மட்டையைத் தப்பாகப் பிளக்கும்போது உன் கை எங்கே போகிறது என்று பார்த்துக்கொள். லூர்து எண்ணத் தெரிந்தவள். அவள் உன்னையும் எண்ணட்டும்.

இப்போது நடப்பைச் சொல்கிறேன். உன் கடிதம் வந்த மறுநாள் உன் அப்பா பெட்டிக்கு மேலிருந்து அந்த ஆட்டுக்கடாவை இறக்கி, என் முன்னால் வைத்துவிட்டு வேலைக்குப் போனார். இத்தனை வருஷமாக அதை அவர் வைத்திருப்பது எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன். பஞ்சைப் பூச்சி தின்றுவிட்டது. ஒரு கண் இல்லை. ஒற்றைக் கொம்போடு என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. சாயந்திரம் வரை பொறுத்தேன். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்த ரோத்தானை எடுத்துத் தொட்டித் தண்ணீரில் போட்டேன். உன் ஆட்டுக்கு இரண்டாவது கொம்பு அதில்தான் செய்வது என்று முடிவு பண்ணினேன். மதலேன் வரும்போது வாசலில் இரண்டு கொம்போடு நிற்கட்டும் என்று ஆசை.

மூன்று நாள் ஊறியது. இன்று காலை எடுத்து, அடுப்பில் வாட்டி, முழங்காலில் வைத்து வளைத்தேன். முக்கால் வட்டம் வந்துவிட்டது. கட்டுவதற்குக் கயிறை எடுக்கக் கொஞ்சம் திரும்பினேன், அவ்வளவுதான். விடுபட்டுச் சுழன்று வந்து என் கன்னத்தில் வைத்தது பார் ஒன்று! கண்ணில் பொறி பறந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த உன் அப்பா திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஒண்ணு" என்றார். மறுபடி வளைத்தேன். உதட்டைக் கிழித்தது. "ரெண்டு." மூன்றாவது கழுத்தில். அவர் எண்ணுவதற்குள் நானே சிரித்துவிட்டேன், சிரித்தால் உதட்டில் ரத்தம் வந்தது. எனக்கும் சின்ன வயதில் தெரிந்த வலிதான், ஆனால் எப்படியோ மறந்திருக்கிறேன். மூன்றிலேயே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. மதலேன் பதினொன்று வரை நின்றிருக்கிறாள்.

நான் மாறிவிட்டேன், பிள்ளையை அனுப்பு என்று எழுதத்தான் முதல் நாள் உட்கார்ந்தேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன். செவ்வாய்க்கிழமைதான் ஒரு கோழிக் காலை ஒடித்தவள் சனிக்கிழமை மாறிவிட்டேன் என்றால் நீ எப்படி நம்புவாய்? நானே நம்பவில்லை. அதனால் வேறு மாதிரிச் சொல்கிறேன். இந்த ரோத்தான் கொம்பாகிற வரைக்கும் மதலேனை அனுப்பாதே. பாஸ்கா வந்து போகட்டும், பரவாயில்லை. அவள் ஊர்வலத்தை அங்கேயே உன் வீட்டு வாசலில் நடத்திக்கொள்ளட்டும். நீயும் லூர்துவும் ஆளுக்கு ஒரு முட்டை கொடுங்கள். கேலி செய்யுங்கள், ஆனால் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். வால் நிற்காததற்குக் காரணம் மட்டை காய்ந்துபோயிருக்கும். அடியில் கத்தி நுனியால் கீறி, மூன்று ஈர்க்கை விசிறி மாதிரிச் செருகி, பலாப்பால் வைத்து ஒருநாள் தலைகீழாக நிறுத்திவைக்கச் சொல். நிற்கும்.

பிரம்பு வளைந்ததும் ஆட்டைத் தூக்கிக்கொண்டு நானே கிள்ளானுக்கு ரயிலேறி வருகிறேன். வாசலிலேயே நிற்கிறேன். கொம்பைத் தொட்டுப் பார், நுனியில் ஓட்டை இருக்கிறதா என்று பார், பிறகு உள்ளே விடுவதா வேண்டாமா என்று முடிவு செய்.

ஆனால் வளைய மாட்டேன் என்கிறது, சூசை. உன் அப்பாவைக் கேட்டேன். "எனக்குத் தெரியாது. அவன்தானே வளைச்சான், அவனைக் கேளு" என்கிறார். அதனால்தான் கேட்கிறேன். முதுகில் தோல் உரிந்து, யாரிடமும் சொல்லாமல், அந்தப் பிஞ்சுக் கையை வைத்துக்கொண்டு நீ அதை எப்படி வளைத்தாய்? வெந்நீரா, நெருப்பா, எத்தனை நாள் கட்டிவைத்தாய்? எழுது. மெதுவாகப் புரிகிற மாதிரி எழுது. குட்டாமல் சொல்லிக் கொடு.